பொம்மைக் கடையில் கிடைத்த யோசனை

நூலகத்தில் வேலை பார்ப்பவருக்குப் புத்தகம் மட்டும்தான் பிடிக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் விளையாட்டுச் சாமானைப் பார்த்து அசந்துபோன நூலகர் ஒருவர் இருந்தார்.

சீர்காழிக்காரர். எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகப் படிப்புக்காக லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பூட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதே துண்டுகள்தான். அதே திருகாணிகள்தான். மாற்றிப் பூட்டினால் வேறு பொம்மை!

அவருக்குப் பொறி தட்டியது. புத்தகம் பேசும் விஷயத்தையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரிக்கலாமே? வேண்டியபடி பூட்டலாமே?

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகு, மிளகு, சீரகம் என்று அதே அறைகள்தான். சேர்க்கிற விதத்தில் இன்றைக்கு ரசம், நாளைக்குக் குழம்பு. அதே துண்டுகள், வேறு வேறு சேர்க்கை. அவ்வளவுதான் விஷயம்.

துண்டுகளைப் பூட்ட ரங்கநாதன் எடுத்துக்கொண்ட திருகாணி என்ன தெரியுமா? முக்காற்புள்ளி, ஆங்கிலத்தில் கோலன். மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. புத்தகங்களை வகைப்படுத்தும் அந்தக் கோலன் பகுப்பு முறை 1933-இல் புத்தகமாகவே வந்தது. கணக்கு வாத்தியார் பொம்மைக் கடையில் நின்றதற்கு உலக நூலகத் துறையே கடன்பட்டிருக்கிறது என்பேன்.

ஆனாலும் பல நூலகங்களில் டியூயி என்ற வேறொரு பகுப்பு முறையில் அடுக்குகிறார்கள். அங்கே சமையலுக்கு எண் 641, சதுரங்கத்துக்கு 794. அலமாரி எங்கே என்று ஊழியரிடமே கேளுங்கள். அவர் சமையல் பிரியராக இருந்துவிட்டால், எந்தப் புத்தகத்துக் குழம்பு உருப்படியாக வரும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.