பெப்ரவரி 4: இலங்கைச் சுதந்திர தினமும் இருமனமும்

இலங்கை 1948 பெப்ரவரி 4 அன்று டொமினியன் தகுதியுடன் விடுதலை பெற்றது. அந்த நாளைப் பற்றிய தமிழரின் தயக்கம் கொடியிலிருந்தே தொடங்கியது. கண்டியின் கடைசி மன்னனது சிங்கக்கொடியைத் தேசியக்கொடியாக்கக் கோரும் பிரேரணையைக் கொண்டுவந்தவர் மட்டக்களப்பு நாடாளுமன்ற உறுப்பினர் ஏ. சின்னலெப்பை, ஒரு முஸ்லிம். அந்த மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனோ தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன். கொடி எந்த இனத்துக்கு உரியது என்ற வழக்கை வரலாறு இப்படித்தான் குழப்பி வைத்திருந்தது. பின்னர் அமைந்த குழு, தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையுமாக இரு பட்டைகளைச் சேர்த்தது. அவை சிங்கம் நிற்கும் சட்டத்துக்கு வெளியே இருந்தன. குழுவிலிருந்த செனட்டர் எஸ். நடேசன் இதற்கு உடன்படவில்லை; 1951இல் அந்த வடிவமே ஏற்கப்பட்டது.

கொடியைவிடச் சட்டங்களே ஆழமாகக் காயப்படுத்தின. சுதந்திரத்தின் முதல் ஆண்டு முடிவதற்குள் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1947 தேர்தலில் அவர்களது வாக்கால் நாடாளுமன்றம் சென்ற இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1952இல் ஓர் ஆசனமும் பெறவில்லை. ஆகவே சுதந்திர தின விழாவில் மலையகத்தாருக்கு இருந்த மனக்குறை, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தால் வடகிழக்கில் மூண்ட கோபத்துக்கு முற்பட்டது, அதிலிருந்து வேறானது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசும் வழக்கம் மலையகத்தின் கதையை மறைத்துவிடுகிறது.

1957 சுதந்திர தினத்தில் தமிழரசுக் கட்சியின் அழைப்பில் வடகிழக்கில் ஹர்த்தால் நடந்தது. திருகோணமலையில் மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற நடராசன் என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் பெப்ரவரி 4 பலருக்குக் கரிநாள் ஆயிற்று. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1998இல் கண்டியில் நடக்கவிருந்த சுதந்திரப் பொன்விழா, தலதா மாளிகைக் குண்டுத்தாக்குதலுக்குப் பின் கொழும்புக்கு மாற்றப்பட்டது.

இருமனம் மிகத் தெளிவாக வெளிப்பட்டது 2015இல். அதே திருகோணமலையின் நாடாளுமன்ற உறுப்பினரான தமிழ்த் தலைவர் இரா. சம்பந்தன் சுதந்திர தின விழாவில் கலந்துகொண்டார். பல பத்தாண்டுகளாக அத்தகைய விழாக்களை விலக்கிவந்த தமிழ்த் தலைமையின் இந்த முடிவைச் சொந்த அணியினரே கடுமையாகக் கண்டித்தனர். நல்லிணக்கத்துக்குக் கை நீட்டுவதா, தீர்வு வரும்வரை விலகி நிற்பதா என்பதே கேள்வி. அடுத்த ஆண்டு காலிமுகத்திடலில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் ஏற்கெனவே அச்சாகியிருந்த பாடல்தான் அது. 2020 விழாவில் அதற்கும் இடமில்லாமல் போயிற்று. அரசியலமைப்புப் பிரதியில் அச்சாகியிருந்தாலும், சடங்கில் தரப்படும் சலுகை ஆட்சி மாறும்போது எளிதாகப் பறிபோகும் என்பதை இந்த நான்காண்டுக் கதை காட்டுகிறது.

75ஆம் ஆண்டு விழா வந்தபோது தயக்கம் தமிழரோடு நிற்கவில்லை. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாமல் திவாலாகியிருந்தது. விழாச் செலவு வீண் என்று கத்தோலிக்கத் திருச்சபை புறக்கணித்தது. தென்னிலங்கையிலும் எதிர்ப்பு எழுந்தது. அதே நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர்கள் மட்டக்களப்பை நோக்கிப் பேரணி தொடங்கினர். ஒருசாரார் கேட்டது பணத்துக்குக் கணக்கு. மற்றவர் கேட்டது அரசியல் உரிமை. நாள் ஒன்றானாலும் இரு கோரிக்கைகளும் ஒரே மேடைக்கு வரவில்லை.