வாய்க்கேற்ற சொல்: லிசியாஸின் உரைகள்



கிரேக்கப் பேச்சுக்கலை என்றதும் நம் மேடைகளில் டெமாஸ்தனிஸ் பெயர்தான் முதலில் வரும். அவருக்கு இரண்டு தலைமுறை மூத்தவர் லிசியாஸ். அன்றைய ஏதென்ஸ் நீதிமன்றத்தில் வழக்காடுபவர் தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்க வேண்டும். நீர்க்கடிகாரம் வடிவதற்குள் முடிக்கவும் வேண்டும். சாமானியருக்கு இது எளிதா? அதனால் பேச்சு எழுதித் தருவது ஒரு தொழிலாயிற்று. கட்சிக்காரர் அதை மனப்பாடம் செய்து மன்றத்தில் பேசுவார். லிசியாஸ் அந்தத் தொழிலில் தலைசிறந்தவர். இன்று அவர் பெயரில் 34 உரைகள் கிடைக்கின்றன. சில அவருடையவைதாமா என்ற ஐயமும் உண்டு.

அவர் எழுத்தின் உயிர்நிலை ஒன்றுதான்: பேசுபவரின் வாய்க்குப் பொருந்தாத ஒரு சொல்லும் அதில் இராது. ஊனமுற்ற ஒருவர் அரசிடம் நாளுக்கு ஓர் ஒபல் நாணயம் உதவித்தொகையாகப் பெற்றுவந்தார். 'இவர் குதிரையேறுகிறார், இவருக்கு எதற்கு உதவி?' என்று ஒருவர் ஆலோசனை மன்றத்தில் வழக்கிட்டார். லிசியாஸ் எழுதிய பதிலின் சாரம் இது: வசதியிருந்தால் சொந்தமாகச் சேணமிட்ட கோவேறு கழுதையில் போவேன், இல்லாததால் இரவல் குதிரை. எல்லோரும் ஒரு கோல் ஊன்ற, நான் இரண்டு கோல் ஊன்றுகிறேனே, அதையும் என் வலிமைக்குச் சான்றாகக் காட்டுவாரா? அழுது இரங்கவைக்க வேண்டிய இடத்தில் குறும்பு பேசுகிறார் அந்த ஏழை. அவையினர் கண்முன் ஓர் ஆள் வந்து நின்றுவிடுகிறார்.

பிறருக்காக இப்படி எழுதிய லிசியாஸ் தம் சொந்தத் துயரத்தை எப்படிச் சொன்னார்? அவர் தந்தை கெஃபாலஸ் சிரகூஸிலிருந்து குடியேறியவர். பிளேட்டோவின் 'குடியரசு' உரையாடல் நிகழ்வது பிரேயஸ் துறைமுகத்திலிருந்த இவர்களுடைய வீட்டில்தான். குடும்பத்துக்குக் கேடயப் பட்டறை இருந்தது. கி.மு. 404-இல் மக்களாட்சியை வீழ்த்தி ஏதென்ஸின் ஆட்சியைப் பிடித்த முப்பதின்மர் குழுவினர் பொருளுக்காகவே குடியேறிகளைக் குறிவைத்தார்கள். அண்ணன் பொலெமார்க்கஸை நஞ்சு குடிக்கவைத்துக் கொன்றார்கள். லிசியாஸ் தப்பி மெகாராவுக்கு ஓடினார். மக்களாட்சி மீண்டதும், அண்ணனைக் கைதுசெய்த, முப்பதின்மரில் ஒருவரான எரடோஸ்தெனிஸ்மீது குற்றம்சாட்டி ஓர் உரை எழுதினார். அவரே மன்றத்தில் நின்று பேசியதாகக் கருதப்படும் உரை அது.

அதில் ஒப்பாரி இல்லை, கணக்குதான் இருக்கிறது. 700 கேடயங்களும் 120 அடிமைகளும் பறிபோயின. குடும்பத்துக்கு மூன்று வீடுகள் இருந்தும் அண்ணனின் பிணத்தை அவற்றில் ஒன்றிலிருந்துகூட எடுக்க விடவில்லை. ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். வீட்டில் துணிமணி நிறைய இருந்தும் அடக்கத்துக்கு ஒன்றும் தரவில்லை. நண்பர் ஒருவர் மேலாடை தந்தார், ஒருவர் தலையணை தந்தார். முப்பதின்மரில் மெலோபியஸ் என்பவன் வீட்டுக்குள் நுழைந்ததுமே அண்ணியின் காதிலிருந்த பொன் தோடுகளைக் கழற்றிக்கொண்டான். 'கொடுங்கோலர்' என்று நூறு முறை சொன்னாலும் அந்தத் தோட்டுக்கு ஈடாகாது. அடைமொழிகளை அடுக்குவதே நாவன்மை என்று நினைக்கும் நம் மேடைப்பழக்கம் இங்கே தோற்றுவிடுகிறது.

மக்களாட்சியை மீட்கப் பொருள் தந்த அவருக்குக் குடியுரிமை வழங்க ஒரு தீர்மானம் நிறைவேறி, முறைகேடானதென்று ரத்தாயிற்று. இறுதிவரை அவர் குடியேறியாகவே வாழ்ந்தார்.

பேச்சுப்போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள் இந்த இரண்டு உரைகளையாவது படிக்க வேண்டும். கிரேக்க மூலத்திலிருந்து நேரே இவற்றைத் தமிழாக்க நம் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.