மலை எரிந்தாலும் நம் வீடு எரியக் கூடாது!

(நெருள் பகுதித் தமிழர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழைக்காலம் முடிந்தால் நெருளுக்குக் கிழக்கே உள்ள குன்றுகளில் புல் இடுப்பளவு நிற்கும். தை பிறந்தால் அது வைக்கோல். யாரோ வீசிய பீடித் துண்டு, யாரோ கொளுத்திய குப்பை, இது போதும். பார்சிக் மலையிலும் கார்கர் மலையிலும் கோடையில் புல் எரிவதை நாம் கண்ணால் காண்கிறோம். 2018 டிசம்பர் 3-ல் கோரேகாவ் பக்கம் ஆரே காட்டு மலை பல மணி நேரம் எரிந்தது. பம்பாயில் காட்டுத் தீ ஏது என்று இனி யாரும் கேட்க முடியாது.

“நடுவே ரோடு இருக்கிறதே, நமக்கென்ன?” என்பார்கள். நெருப்பு நடந்து மட்டும் வருவதில்லை. பொறியாகப் பறந்தும் வருகிறது! 2018 நவம்பர் 8-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தது. 85 பேர் மாண்டார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. வீடு சாம்பலாகிக் கிடக்க, பக்கத்து மரம் பச்சையாக நின்றது. காரணம் என்ன? பொறி விழுந்தது கூரை இடுக்கில், வாசல் சருகில். பிறகு ஒரு வீடே அடுத்த வீட்டுக்குக் கொள்ளியானது.

நம் கூரையைப் பாருங்கள். ஜூன் மழைக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய் மே மாதம் வரை கிடக்கிறது. அதன் மேல் டயர், பலகை. சுவரோரம் விறகு, அட்டை. சந்தோ மூன்றடி! 2015 டிசம்பர் 7-ல் காந்திவலி தாமு நகரில் தீ காட்டிலிருந்து வரவில்லை. ஆனால் குடிசையில் பற்றிய நெருப்பு, சிலிண்டர்கள் வெடிக்க, நூற்றுக்கணக்கான குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது.

நமக்கு எரிவது பாத்திரம் பண்டம் மட்டுமா? குடிசைவாசிக்கு மாற்று வீடு வேண்டுமானால், 1-1-2000-க்கு முன்பே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். அதற்குப் பின் 2011 வரை வந்தவர்களுக்குப் பணம் கட்டினால்தான் வீடு. பழைய ரேஷன் கார்டும், போட்டோ பாஸும், கரண்டு பில்லும் எரிந்தால் முப்பது வருட உழைப்புக்குச் சாட்சி ஏது?

ஆகவே நாம் செய்ய வேண்டியது இது. மழை நின்றதும் தார்ப்பாயை இறக்குவோம். கூரை மேல் சருகும் சாமானும் வேண்டாம். சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியக்கூடிய எதையும் வைக்க வேண்டாம். சந்து குறுகலானால் சந்து முழுவதையும் காலியாக வைப்போம். கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தைத் தகரத்தாலோ சிமென்டாலோ அடைப்போம். போகியன்று பழையதைக் கொளுத்தாமல், குப்பை வண்டியில் ஏற்றுவோம். காகிதங்களுக்கு நகல் எடுத்து, ஒரு செட்டை ஊரில் உறவினரிடம் வைப்போம். அசலை ஒரே பையில் வாசலருகே வைப்போம். புகை கண்டால் 101-க்குச் சொல்லி, சிலிண்டரை மூடி, குழந்தைகளையும் முதியோரையும் முதலில் வெளியேற்றுவோம். சாமானுக்காக ஒருவரும் திரும்பி உள்ளே போகக் கூடாது!

நம் கடமை இது. சர்க்காரின் கடமை எங்கே? மலையடிவாரத்தில் புல் வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடுவது வனத்துறை வேலை. தீயணைப்பு வண்டி நுழைய வழியும், தண்ணீர்க் குழாயும் தருவது மாநகராட்சி வேலை. தனித்தனியாகப் போனால் நாளை வா என்பார்கள். சந்துக்குச் சந்து கையெழுத்து வாங்கி, மராத்தி, உத்தரப் பிரதேசத் தொழிலாளிகளையும் சேர்த்து வார்டு ஆபீசுக்குப் போவோம். நெருப்புக்கு மொழி தெரியாது. நம் மனுவிலும் மொழி பிரிக்க வேண்டாம்.

புல் காயும் முன் வேலையைத் தொடங்குவோம்!