விளையாட்டுதான் அவர்களின் பாடம்

(நமது குழந்தைகள் காப்பகத்தின் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டும் கடையைப் பூட்டிவிட்டும் வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் ஒரு தாய் என்னிடம் வந்தார். “காக்கா, பிள்ளையை இங்க விட்டு நாலு மாசமாச்சு. ‘அ’ எழுதச் சொன்னா முழிக்கிறான். சும்மா விளையாடத்தான் விடுறாங்களா?” என்று கேட்டார். மறுவாரம் அந்தப் பிள்ளை வரவில்லை. எழுத வைக்கும் வேறோர் இடத்தில் சேர்த்துவிட்டார்கள். பிள்ளைக்கு வயது மூன்று.

அந்தத் தாயின் மீது எனக்கு வருத்தமில்லை. நானும் அப்படி நினைத்தவன்தான். காப்பகம் தொடங்கியபோது சிலேட்டும் குச்சியும் வாங்கி வந்து, தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டவன் நான். ஒருநாள் நம் ஆயா லாத்தா ஒரு பிள்ளையின் விரல்களை என் முன்னால் விரித்துக் காட்டினார். “பிடிச்சுப் பிடிச்சு எப்படிச் சிவந்திருக்கு பாருங்க. காலையில வாசலைக் கண்டதுமே அழுவுது” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று சிலேட்டுகளை எடுத்து அலமாரியில் வைத்தோம். அதன் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் தொடங்கினேன்.

நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கும். ஒவ்வொன்றாக இறுகப் பல ஆண்டுகள் ஆகும். மூன்று வயதில் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தக் கைக்கு முதலில் தேவை பிசைவது, கிழிப்பது, கிள்ளுவது, ஊற்றுவது. எழுத்து அதற்குப் பிறகு.

1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி அம்மையார் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போய்விட, கவனிப்பாரின்றி இருந்த ஏழைத் தொழிலாளர் பிள்ளைகள்தான் அங்கே வந்தார்கள். தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, பெருக்குவது போன்றவை அங்கே பாடமாயின. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய நாலு வயதுப் பிள்ளைகள் சிலர், ஒருநாள் தாமாகவே எழுதத் தொடங்கியதை அவர் பதிவு செய்திருக்கிறார். 1939இல் அவர் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டு வழிக் கல்வியையே சொல்கிறது.

சரி, நம் காப்பகத்தில் என்ன செய்கிறோம்? வீட்டில் நீங்களும் செய்யலாம், காசு வேண்டாம்.

கைக்குழந்தைக்கு முகம்தான் முதல் பாடம். பிறந்த சில வாரங்களில் ஏறக்குறைய ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்குள் இருப்பதுதான் அதற்கு ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது உம்மாவின் முகம் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. பேசுங்கள். பேசிவிட்டுச் சற்று நிறுத்துங்கள். அது ‘ங்கா’ என்னும். அதற்குப் பதில் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது சிறிது நேரம் குப்புறப் போட்டு, பக்கத்திலேயே இருங்கள். கழுத்தும் தோளும் பலப்படும்.

எட்டு ஒன்பது மாதத்தில் கரண்டியைத் துணிக்குள் மறைத்து “எங்கே?” என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருக்கிறது என்பதைப் பிள்ளை அப்போதுதான் அறிகிறது. ஒரு கூடையில் மரக்கரண்டி, டம்ளர், கழுவிய பீர்க்கங்கூடு போட்டுக் கொடுங்கள். தட்டும், தடவும், வாயில் வைக்கும். கனமும் வழவழப்பும் சொரசொரப்பும் இப்படித்தான் தெரியவரும்.

ஒன்று, இரண்டு வயதில் போடுவதும் எடுப்பதும்தான் பெரிய வேலை. ஒரு பாத்திரம், ஐந்தாறு மூடிகள் போதும். எந்த மூடி எதற்கு என்று பிள்ளை தேடிப் பார்ப்பது கணக்கின் தொடக்கம்.

மூன்று முதல் ஐந்து வயதுவரை, துவைத்த துணியில் வாப்பாவுடையது எது, தம்பியுடையது எது என்று பிரிக்கச் சொல்லுங்கள். படி ஏறும்போது எண்ணுங்கள். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுங்கள். கதையைப் பாதியில் நிறுத்தி “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மூன்று வயதுக்குள் புளியங்கொட்டை, வேர்க்கடலை, மணி, பொத்தான் எதுவும் கைக்கு எட்டக்கூடாது. மூச்சுக்குழாயில் அடைத்துவிடும். தண்ணீர் வாளி சிறியதானாலும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பீடித்தூளும் கத்தரியும் பிள்ளை தவழும் இடத்தில் இருக்கவே கூடாது.

“தட்டு முடிச்சாத்தான் கூலி. எங்களுக்கு நேரம் ஏது?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. சோறு ஊட்டும்போது, குளிப்பாட்டும்போது, கை வேலையில் இருந்தாலும் வாய் பேசலாமே. “இது கத்தரிக்காய், ஊதா நிறம், தொட்டுப் பார்” என்பதே பாடம்.

வாப்பாமார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத்தம்பி அபூ உமைர் ஒரு குருவி வைத்து விளையாடுவார். நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போது, அந்தச் சிறுவரிடம் குருவியைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். எத்தனையோ பொறுப்புகளுக்கு இடையில் ஒரு குழந்தையின் குருவியை நினைவில் வைத்திருந்தார்கள். நாமோ வீட்டுக்குள் நுழைந்ததும் செல்போனை எடுக்கிறோம். இரவில் பத்து நிமிடம் அதை ஓரமாக வைத்துவிட்டு, இன்று என்ன விளையாடினாய் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எழுத்து தெரியவில்லை என்று பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒருநாள் காலையில் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இனி மாதந்தோறும், உங்கள் பிள்ளை புதிதாக என்ன செய்கிறது என்பதை ஆயா லாத்தா உங்களிடம் நேரில் சொல்வார். பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமானால், அழைத்தும் திரும்பாவிட்டால், உடனே மருத்துவரிடம் காட்டவும் நாங்கள் துணை நிற்போம்.

வராமல் போன அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நாளை நானே போகிறேன். என்னிடம் கேட்ட கேள்விக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. நாளை சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.