மஞ்சள் கடிதமும் குடியிருக்கும் வீடும்

கடன் தீர்க்க வழியற்றுப் போனவரைப் பற்றி "மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டார்" என்று கூறுவது தமிழ்நாட்டு வழக்கு. கேரளத்தில் அதனையே 'பாப்பர் ஹர்ஜி' என்பர். இரு வழக்குகளிலும் இகழ்ச்சி தொனிக்கிறது. சட்டமோ நொடிப்புநிலையை நேர்மையான கடனாளிக்குரிய ஒரு புகலிடமாகவே அமைத்துள்ளது. ஆயினும், அப்புகலிடம் குடியிருக்கும் வீட்டை எந்த அளவுக்குக் காக்கும் என்பதில் பலருக்குத் தெளிவில்லை.

திருவனந்தபுரம் பழவங்காடியில் வசித்து, சாலைக் கடைத்தெருவை நம்பிப் பிழைக்கும் ஒரு சிறு வணிகரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வீட்டை அடமானம் வைத்து வங்கியில் பெற்ற கடன் ஒருபுறம். சரக்குப் பாக்கி, வட்டிக்காரர் கடன், கைமாற்று ஆகியவை மறுபுறம். நாள்தோறும் வாசலில் வந்து நிற்பவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, வாய் திறவாத வங்கியின் தவணையை அவர் தள்ளிப்போடுகிறார். இது மனித இயல்பேயாயினும், வரிசை தலைகீழானது. கைமாற்றுக் கொடுத்தவர் நீதிமன்றம் சென்று தீர்ப்புப் பெற்றாக வேண்டும். அடமானம் பெற்ற வங்கிக்கு அத்தேவை இல்லை.

2002-ஆம் ஆண்டின் சர்பேசி சட்டமே இதற்குக் காரணம். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடனாகிறது. பின்னர் 60 நாள் கெடுவுடன் அறிவிப்பு வரும். கெடு கடந்தால் வங்கி வீட்டைக் கையகப்படுத்தி ஏலத்தில் விற்கலாம். கூட்டுறவு வங்கிகளுக்கும் இவ்வதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. கூட்டுறவு வங்கிகள் ஊர்தோறும் வேரூன்றியுள்ள கேரளத்தில் இதன் விளைவு சிறிதன்று.

நொடிப்புநிலை மனு இதனைத் தடுக்குமா? நேரடியாகத் தடுக்காது. நொடிப்புநிலைச் சட்டத்தின்படி, பிணையம் பெற்ற கடன்தாரர் தம் பிணையத்தின்மீது நடவடிக்கை எடுப்பதற்குத் தடையில்லை. அவ்வாறெனில் மனுவால் பயன் என்ன? பிணையமற்ற கடன்தாரர்கள் நீதிமன்ற அனுமதியின்றி வழக்குத் தொடர இயலாது. விடுவிப்பு ஆணை கிடைத்தபின் அக்கடன்களில் பெரும்பாலானவை தீர்கின்றன. வட்டிக்காரருக்குச் சென்ற பணம் வீட்டுத் தவணைக்குத் திரும்பக்கூடும். வீட்டைக் காக்க மனு உதவுவது இச்சுற்றுவழியில்தான். அடமானத் தொகை போக வீட்டில் மதிப்பு எஞ்சியிருந்தால், அந்த எச்சம் மற்றக் கடன்தாரர்களுக்குரியதாகும் என்பதையும் முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மனுவுக்கு முந்திய இரண்டாண்டுகளுக்குள் மனைவி பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ எழுதிவைத்த தானப் பத்திரம் செல்லாததாக்கப்படலாம். அத்தகைய தந்திரம், இருந்த நற்பெயரையும் கெடுத்துவிடும்.

அமெரிக்காவில் திவால் சட்டத்தின் 13-ஆம் அத்தியாயம் இன்னும் தாராளமானது. மனுச் செய்த உடனேயே பொதுவாக ஏலம் நிற்கிறது. நிலுவைத் தவணைகளை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் செலுத்தலாம். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் நொடிப்புநிலை மற்றும் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென ஒரு பகுதி வகுக்கப்பட்டது. ஆனால் அது 2019 டிசம்பர் 1 முதல் நிறுவனக் கடன்களுக்குப் பிணை நின்றோர்க்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள 'புதிய தொடக்கம்' என்னும் ஏற்பாட்டுக்கு ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாதிருத்தல் வேண்டும். சொந்த வீடும் இருத்தல் ஆகாது. வீட்டை இழக்க அஞ்சுபவருக்கு, வீடு இல்லாதிருப்பதே தகுதி என்பது விந்தைதான்! 2025 அக்டோபரில் கேரளச் சட்டமன்றம் ஏழைக் குடும்பங்களின் ஒரே குடியிருப்பைப் பாதுகாக்கும் மசோதாவை நிறைவேற்றியது இக்குறையை உணர்ந்தே எனலாம்.

ஆகவே, பழவங்காடி வணிகர் வங்கியின் அறிவிப்பைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்துவிடலாகாது. அவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாட்களுக்குள் காரணங்களுடன் விடையளிக்க வேண்டும். கையகப்படுத்தும் நடவடிக்கைக்கு எதிராக 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஒரே தவணையில் தீர்த்துக்கொள்ளும் உடன்பாட்டையும் மக்கள் நீதிமன்றத்தையும் நாடலாம். நிலுவை முழுவதையும் செலுத்தி வீட்டை மீட்கும் உரிமை, 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, விற்பனை அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்புவரைதான். ஏலத்தன்று பணத்துடன் ஓடி வருவதில் பயனில்லை.