கையொப்பத்துக்குப் பின் காணாமல் போகும் எழுத்து



அரசு இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பது எப்படி என்று இரண்டு நாள் பேசப்போகிறோம். தலைமை உரை ஆற்றுகிறவர் துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து சொல்வது மரபு. அதைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, கடிதங்கள் தட்டச்சாகும் அலுவலக மேசைக்கு உங்களை அழைத்துப்போக விரும்புகிறேன். நம் ஊரில் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது என்பது என் கருத்து.

சட்டத்துக்குக் குறைவில்லை. உலக அளவிலான அணுகல் நெறிமுறை முதன்முதலில் 1999இல் வெளியானது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி 2009இல் வந்து, 2023இல் மூன்றாம் பதிப்பைக் கண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. ஆனால் அந்தச் சட்டத்துக்காக எழுதப்பட்ட 15ஆவது விதி, கட்டாயமாக இருக்கவேண்டியதை வெறும் பரிந்துரையாக்கிவிட்டது. பார்வையற்ற ஒருவர் 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கே முரணானது என்றது. அடுத்த ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு. ஆசிட் வீச்சில் கண்கள் சிதைந்தவர்களிடம் ‘கண்ணைச் சிமிட்டிக் காட்டுங்கள்’ என்று கேட்டது வாடிக்கையாளர் சரிபார்ப்பு முறை. அந்த வழக்கில், டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று நீதிமன்றம் சொன்னது. ஆக, ‘செய்யவேண்டுமா’ என்ற கேள்விக்கு இனி இடமில்லை.

‘செலவாகுமே, நேரம் இல்லையே’ என்ற பதிலும் பழையதுதான். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மகுவைர் என்ற பார்வையற்றவர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனார். அமைப்பாளர்கள் இதே பதிலைச் சொல்லிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கட்டினார்கள்.

இப்போது ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். பார்வையற்ற பட்டதாரி ஒருவர், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவசத் திரை வாசிப்பானை வைத்துக்கொண்டு நிரப்புகிறார். டேப் விசையை அழுத்தினால் ‘எடிட்’ என்கிறது. மறுபடி அழுத்தினால் மறுபடியும் ‘எடிட்’. எது பெயர், எது தந்தை பெயர், எது அஞ்சல் குறியீடு என்று அதற்கே தெரியாது. கட்டத்துக்குப் பக்கத்தில் பெயரை எழுதிவைத்தவர், கட்டத்தோடு அதை நிரலில் இணைக்கவில்லை. பிறந்த தேதியைத் தட்டச்சு செய்ய விடாமல் ஒரு நாட்காட்டி திறக்கிறது. அதில் மாதம் மாதமாகப் பின்னோக்கி நடக்கவேண்டும். தவறு நேர்ந்தால் அந்தக் கட்டத்தின் ஓரம் சிவப்பாகிறது, அவ்வளவுதான். கடைசியில் கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லும் கேப்சா. அதைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்து, உள்நுழைவுப் பக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது.

பிறகென்ன, பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். கடவுச்சொல், ஓடிபி, வங்கிக் கணக்கு எண், சாதிச் சான்று எல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகின்றன. இணையச் சேவையின் பயனே யார் தயவும் இல்லாமல் வீட்டிலிருந்து வேலையை முடிப்பதுதானே? அது இவருக்கு மட்டும் கிடையாது.

படிவக் குறைகளை ஒரு நல்ல நிரலாளர் சில நாட்களில் சரிசெய்துவிடுவார். மேசை விஷயம் அப்படியல்ல. ஓர் அரசாணையோ சுற்றறிக்கையோ எப்படி இணையத்துக்கு வருகிறது? உதவியாளர் கணினியில் தட்டச்சு செய்கிறார். கண்காணிப்பாளர் திருத்துகிறார். அதிகாரி கையொப்பமிடுகிறார், முத்திரை விழுகிறது. அந்தத் தாளைச் சற்றுச் சாய்வாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றுகிறார்கள். கையொப்பம் வரைக்கும் எழுத்தாக இருந்தது அதற்குப் பின் படமாகிவிடுகிறது. திரை வாசிப்பான் ‘பக்கம் காலி’ என்கிறது. கண் தெரிந்தவருக்கும் நட்டம்தான்: தேடினால் கிடைக்காது, கைபேசியில் பெரிதாக்கினால் மங்கும், ஒரு வரியை எடுத்து மனுவில் ஒட்ட முடியாது.

எழுத்துணரி மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். முத்திரை விழுந்த இடத்திலும் அட்டவணைக் கோடுகளிலும் அது தடுமாறும். உதவித்தொகையிலோ கடைசித் தேதியிலோ ஓர் இலக்கம் மாறிப்போனால் பாதிக்கப்படுவது விண்ணப்பதாரர். தவிர, நம்மிடமே இருந்த எழுத்தைப் படமாக்கிவிட்டு, படத்திலிருந்து எழுத்தை மீட்க ஆராய்ச்சி நிதி கேட்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

தமிழுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் இன்னும் புழங்குகின்றன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த சொல் திரையில் தமிழாகத்தான் தெரியும். திரை வாசிப்பானோ ‘ஜே கே பி ஓ’ என்று ஆங்கில எழுத்துகளைப் படிக்கும். யூனிகோடில் இருந்தும் பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் அறிவிக்காவிட்டால், ஆங்கிலக் குரல் தமிழ் வரிகளை விழுங்கிவிட வாய்ப்புண்டு. ஒரே ஒரு சொல் சேர்த்தால் தீரும் குறை இது.

இவற்றை விட்டுவிட்டு நாம் எதில் பெருமைப்படுகிறோம்? பக்கத்தின் மேல் மூலையில் எழுத்தைப் பெரிதாக்க மூன்று பொத்தான்கள், கறுப்பு வெள்ளையாக்க ஒன்று. பல தளங்களில் திரை வாசிப்பான்களின் பட்டியலுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. திரை வாசிப்பான் இல்லாமல் அந்தப் பக்கத்துக்கு ஒருவர் எப்படி வந்து சேர்ந்திருப்பார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தானியங்கிச் சோதனையும் இப்படித்தான். படத்துக்கு மாற்று விளக்கமாக ‘இமேஜ் 1’ என்று எழுதியிருந்தாலும், விளக்கம் இருக்கிறது என்று தேர்ச்சி போட்டுவிடும். தளத்துக்குச் சான்றிதழ் வாங்கிய மறுநாளே ஸ்கேன் கோப்புகள் ஏறத் தொடங்கும். சான்றிதழ் மட்டும் அடிப்பகுதியில் அப்படியே இருக்கும்.

காது கேளாதோருக்குத் தொலைபேசி எண்ணை மட்டும் உதவி மையமாகத் தருவது, கை நடுங்கும் முதியவருக்குக் கடுகளவு பொத்தான் வைப்பது பற்றியெல்லாம் தனி அமர்வுகள் உள்ளன. அவற்றுக்குள் நான் நுழையவில்லை.

இங்கே வந்திருக்கும் அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். டிஜிட்டல் கையொப்பத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000த்திலேயே ஏற்றுக்கொண்டது. அதற்கு உங்கள் துறை இன்னும் மாறவில்லை என்றால், ஸ்கேன் நகலோடு தட்டச்சான மூலக் கோப்பையும் ஏற்றுங்கள். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது, தலைப்பு என்றே குறியுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது அச்சிடும் வழியில் போகாமல், கோப்பைச் சேமிக்கும் வழியில் போங்கள். அப்போதுதான் அந்தக் குறிகள் நிலைக்கும். இதற்கு டெண்டர் தேவையில்லை. பதிவேற்றும் உதவியாளருக்கு அரை நாள் பயிற்சி போதும். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவருக்கும் அதே பயிற்சி.

ஆய்வாளர்களுக்கும் ஒன்று. ‘எத்தனை பக்கங்களில் பிழை’ என்ற அட்டவணைகள் நிறைய வந்திருக்கின்றன. ஒருவர் விண்ணப்பத்தைத் தொடங்கி, ஒப்புகைச் சீட்டைத் தரவிறக்கும்வரை பிறர் துணையின்றி முடித்தாரா, எந்த இடத்தில் நின்றார் என்று அளந்த கட்டுரைகள் மிகக் குறைவு. அவையே எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

முதல் அமர்வைத் தொடங்கலாம். கட்டுரை வாசிப்பவர்கள் திரையைக் காட்டி ‘இதோ இங்கே பாருங்கள்’ என்று நிறுத்திவிடாமல், அங்கே என்ன இருக்கிறது என்பதையும் வாயால் சொல்லிவிடுங்கள்.