தோட்டத்து வாயிலில் ஒரு கூடாரம்

துயரக் கதைக்கு முழு மதிப்பு, சிரிக்க வைக்கும் கதைக்கு அதிற் பாதி என்பது தமிழ் இரசிகரிடையே நெடுங்காலமாக நிலவி வரும் கணக்கு. கண்ணீர் சிந்தியவர் நல்ல படம் பார்த்ததாகச் சொல்லிக் கொள்வர். வயிறு குலுங்கச் சிரித்தவரோ பொழுது போயிற்று என்பதோடு நிறுத்திக் கொள்வர். இந்தக் கணக்கினால் பெரும்பயன் அடைந்தவர் இயக்குநர் ஸ்ரீதர். 1959இல் ‘கல்யாணப் பரிசு’, 1962இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என இரு படங்களால் தமிழ்நாட்டையும் இலங்கையையும் அழ வைத்தவர் அவர். அவரே 1964 பெப்ரவரி 27ஆம் நாள் ‘காதலிக்க நேரமில்லை’ என்ற படத்தை வெளியிட்டு, தமது கணக்கைத் தாமே அழித்தார்.

சித்ராலயா கோபுவுடன் சேர்ந்து அவர் அமைத்த கதை, விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாடல்கள், வின்சென்ட்டின் வண்ண ஒளிப்பதிவு, ஆழியாறு அணைக்கட்டின் அருகே எடுத்த காட்சிகள். மலாயாவிற் பிறந்த ரவிச்சந்திரன் என்ற இளைஞருக்கு இதுவே முதற்படம். இவையெல்லாம் இரசிகர் நன்கறிந்த செய்திகள். இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்தப் படம் வாடாமல் இருப்பது எதனால் என்பதே ஆராய்வதற்குரியது.

கதை ஒரு தோட்டத்தில் நிகழ்கிறது. தோட்டத்து முதலாளி விஸ்வநாதனாக டி. எஸ். பாலையா நடிக்கிறார். அவருக்கு இரு புதல்வியர், ஒரு புதல்வன். தோட்டத்தில் உதவி மேலாளனாக இருக்கும் அசோக், முதலாளியின் மக்களோடு நேர்ந்த சிறு பூசலால் வேலை இழக்கிறான். மலையக வழக்கிற் சொன்னால், சின்னத்துரைக்குச் சீட்டுக் கிழிந்தது. அவனோ ஊர் திரும்பவில்லை. முதலாளியின் பங்களாவுக்கு எதிரே கூடாரம் அடித்து, வேலையைத் திருப்பிக் கேட்டு ஆடிப் பாடுகிறான். முதலாளியின் மகளுக்கும் அவனுக்கும் காதல் பிறக்கிறது. பணமில்லாதவனுக்குப் பெண் கிடையாது என்பதை அறிந்த அசோக், தான் ஒரு கோடீசுவரனின் பிள்ளை என்று கதை கட்டுகிறான். அவனுடைய நண்பன் வாசு, நரைத்த தலையும் கைத்தடியுமாக வேடமிட்டு, அந்தக் கோடீசுவரத் தந்தையாக வந்து சேர்கிறான். வந்த இடத்தில், தான் காதலிக்கும் பெண்ணும் அதே முதலாளியின் மகள்தான் என்று கண்டு திகைக்கிறான். அதற்கு மேல் வாசுவின் உண்மையான தந்தையே வந்து இறங்குவதும், ஒரு பொய்யைக் காக்கப் பத்துப் பொய் பிறப்பதும் விவரித்துச் சொன்னாற் சுவை குன்றும்.

பாலையாவின் நாவில் இலக்கணம் படும் பாட்டை மட்டும் சொல்லாமல் விட இயலாது. அசோக் கோடீசுவரனின் மகன் என்று அறிந்த கணத்தில் அவர் முகம் மலர்கிறது, முதுகு வளைகிறது. அவற்றுக்கு முன்பே விகுதி மாறிவிடுகிறது. நேற்று வரை வெறும் அசோக்காக இருந்தவன் அசோகராகிறான். மகன் என்ற சொல்லே மகராகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் பலர்பாலுக்கும் மரியாதைப் பன்மைக்கும் உரியது என்று கற்பிக்கப்படும் ஓர் எழுத்து, இங்கே பணப்பெட்டியின் திறவுகோலாகப் பயன்படுகிறது. தமிழறிந்தவர் அன்றி வேறெவரும் முழுமையாகச் சுவைக்க முடியாத நகைச்சுவை இது. ‘பிரேமிஞ்சி சூடு’ என்று 1965இல் தெலுங்கிலும், ‘ப்யார் கியே ஜா’ என்று 1966இல் இந்தியிலும் இக்கதை சென்றது. கதை சென்றதே அல்லாமல், அந்த ‘ர்’ என்ற எழுத்து உடன் சென்றிருக்க முடியாது.

இவ்வகைப் படங்களில் பிரெஞ்சுக்காரர் முன்னோடிகள். தமிழின் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்த அதே 1931இல், இரெனே கிளேர் என்பார் பாரிசில் ‘லெ மில்லியோன்’ என்ற படத்தை எடுத்தார். கடன்காரர் துரத்தும் ஏழை ஓவியன் ஒருவனுக்கு இலாபச் சீட்டிற் பரிசு விழுகிறது. சீட்டோ ஒரு பழைய சட்டையின் பையில் இருக்கிறது. அந்தச் சட்டையை அவன் காதலி இரக்கப்பட்டு, ஓடி ஒளிய வந்த ஒரு மனிதனுக்குக் கொடுத்துவிட்டாள். படம் முழுவதும் சட்டையைத் துரத்தும் ஓட்டமே. காலையில் வசைபாடி வாயிலை இடித்த அதே கடைக்காரர், பரிசுச் செய்தி கேட்டதும் அவனை வாழ்த்திப் பாடுகின்றனர். பாலையாவின் விகுதியும் பாரிசுக் கடைக்காரரின் பாட்டும் ஒரே நோயின் இரு குறிகள். இருவரையும் படம் கடிந்து கொள்வதில்லை. கொடியவன் என்று ஒருவனை நிறுத்தி அடித்துத் திருத்தும் வழக்கம் இவ்வகைப் படங்களில் இல்லை. எல்லாரும் ஏறக்குறைய நல்லவர்களே, பணத்தின் முன்னே சற்றுக் கோணலாக நிற்பவர்கள், அவ்வளவே.

கண்டிச் சீமையில் இந்தப் படத்துக்கு மற்றோர் இடத்தில் இல்லாத ஒரு பொருள் உண்டு. அம்பிட்டியவைச் சுற்றிய மலைகளில் தோட்டம், பங்களா, துரை என்பன கதைச் சொற்கள் அல்ல. திரையில் வேலை இழந்தவன் பங்களா வாயிலிற் பாடலாம். தோட்டத்தில் வேலையும் லயத்துக் காம்பிராவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வேலை போனால் தலைக்கு மேலுள்ள தகரமும் ஐயத்துக்கு உள்ளாகும். ஸ்ரீதரின் தோட்டத்திலே கொழுந்து பறிப்பவரின் வாழ்வு காணக் கிடைப்பதில்லை. அது ஒரு குறையே. படம் வெளிவந்து எட்டு மாதங்களில், 1964 ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948 முதல் நாடற்றவராக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்று எழுதினார்கள். எந்த வாயிலிலும் எவரும் கூடாரம் அடித்துக் கேட்கவியலாத தீர்ப்பு அது. முற்றாக நாடற்ற நிலை நீங்குவதற்கான சட்டம் 2003இலேதான் வந்தது. அத்தகைய மண்ணில், நீக்கப்பட்ட ஒருவன் போகமாட்டேன் என்று பாடி நின்று, இறுதியில் பங்களாவுக்கு உள்ளேயே மருமகனாகப் புகுவதைக் கண்டு மக்கள் சிரித்தனர் என்றால், அந்தச் சிரிப்பை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது.

வானொலி நேயர்களுக்கு இப்படத்தோடு தனியான ஓர் உறவும் உண்டு. இதன் பாடல்கள் காற்றில் வந்தே பல வீடுகளிற் குடிபுகுந்தன. நாகேஷ், ‘ஓகோ புரொடக்ஷன்ஸ்’ என்ற படக் கம்பனியின் தனி முதலாளியாக, தந்தையை உட்கார வைத்துத் தாம் எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையைச் சொல்லும் காட்சியும் பாதி ஒலியால் ஆனதே. கதை என்று சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை; கதவின் கிரீச்சிடலும் காற்றின் ஊளையும் காலடியும்தான். அவற்றை நாகேஷ் வாயாலேயே உண்டாக்குகிறார். அந்தப் பாதியை வானொலிப் பெட்டியும் தந்துவிடும். எதிரே அமர்ந்து ஒரு சொல்லும் பேசாமல் வெளிறிப் போகும் பாலையாவின் முகத்துக்காக, அந்நாளில் அம்பிட்டியவிலிருந்து கண்டி நகருக்கு இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.